ஃபவுன்டன்ஸ் மடத்தின் ஹியூபி கோபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், இடிந்த நிலையில் இருக்கிறது ஃபவுன்டன்ஸ் துறவியர் மடம். அதன் படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் கண்ணில் படுவது அந்த உயரமான கோபுரம்தான். ஹியூபி கோபுரம் என்பது அதன் பெயர். படத்தைப் பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைப் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. நீண்டவை எல்லாம் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள்.

கோபுரம் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு உயரம்?

ரிப்பன் என்ற சிறு நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில், ஸ்கெல் என்ற சிற்றாறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 50 மீட்டர், அதாவது 160 அடிக்கு மேல். பள்ளத்தாக்கின் அடியில் நிற்பதால், மேட்டிலிருந்து வருகிறவருக்கு மரங்களுக்கு மேல் முதலில் அதன் தலைதான் தெரியும்.

கோபுரம் என்றதும் வாசலின் மேல் அடுக்கடுக்காகக் குறுகி எழும் ஒன்றைத்தான் நாம் நினைப்போம். இது வேறு வகை. சதுரமாக, கீழிருந்து மேல்வரை கிட்டத்தட்ட ஒரே அகலத்தில், ஆலயத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டி எழும் மணிக்கோபுரம்.

அதுதான் மடத்தின் மிகப் பழைய பகுதியா?

இல்லை, அதற்கு நேர்மாறு. இங்கே எஞ்சியிருக்கும் பெரிய மடத்துக் கட்டடங்களிலேயே கடைசியாக எழுந்தவற்றில் ஒன்று அது. மடம் தொடங்கியது 1132-இல். கோபுரத்தைக் கட்டிய மடத்தலைவர் மார்மடியூக் ஹியூபி பதவியில் இருந்தது 1495 முதல் 1526 வரை. நடுவில் மூன்றரை நூற்றாண்டுக்கும் மேல் போயிருக்கிறது. ஹியூபி இறந்து பதின்மூன்றே ஆண்டுகளில் மடமே மூடப்பட்டது. முடியப் போகிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், இன்னும் பல நூறு ஆண்டு இருக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் எழுப்பிய கட்டடம் இது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கோபுரமே வேறு மாதிரித் தெரியும்.

மடம் எப்படித் தொடங்கியது?

யார்க் நகரில் புனித மரியா மடம் என்று ஒன்று இருந்தது. ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்த, வசதியான மடம். அங்கே வாழ்க்கை தளர்ந்துவிட்டது, பழைய விதிப்படி எளிமையாக வாழ வேண்டும் என்று ஒரு குழு கேட்டது. சச்சரவு முற்றியது. யார்க் பேராயர் தர்ஸ்டன் அந்தக் குழுவுக்குக் கைகொடுத்தார். 1132 டிசம்பர் 27 அன்று, 13 துறவியரைக் கொண்டுவந்து இந்தப் பள்ளத்தாக்கில் விட்டார்.

அப்போது அது முட்புதரும் பாறையும் நிறைந்த இடம். மனிதரைவிடக் காட்டு விலங்குகளுக்கே ஏற்ற இடம் என்று மடத்தின் பழைய வரலாறு சொல்கிறது. கடுங்குளிரில், மரத்தடியில்தான் முதல் வாழ்க்கை. விரைவிலேயே அவர்கள் சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள். பிரான்சில் புனித பெர்நார்து தலைமை தாங்கிய கிளேர்வோ மடத்திலிருந்து ஜெஃப்ரி என்ற முதிய துறவி வந்து அந்தச் சபையின் முறைகளைக் கற்றுக்கொடுத்தார். பட்டினியில் மடத்தையே கைவிடும் நிலைக்குப் போனார்கள். 1135-இல் யார்க் பேராலயத்தின் தலைமைக் குரு ஹ்யூ தன் செல்வத்தோடு வந்து சேர்ந்த பிறகுதான் கால் ஊன்ற முடிந்தது.

இன்று நிற்கும் சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்கே நீளும் கைக்கு அடியில் தோண்டியபோது, தொடக்க கால மரக்கட்டடங்களின் தடயங்கள் கிடைத்தன. 50 மீட்டர்க் கோபுரத்தைப் பார்க்கிற கண், அதே ஆலயத்தின் மறுபக்கத்தில் மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கம்பக் குழிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிஸ்டர்சியன் துறவியர் கோபுரம் கட்டக்கூடாது என்று விதி இருந்ததாமே?

இருந்தது. சபையின் பொதுப்பேரவை 1157-இல் மணிக்காகக் கல்கோபுரம் எழுப்பக்கூடாது என்று தெளிவாகவே சொன்னது. காரணம் எளிது. இந்தச் சபை பிறந்ததே ஆடம்பரத்துக்கு எதிராக. சுவரில் ஓவியம் வேண்டாம், கண்ணாடியில் வண்ணம் வேண்டாம், சிற்பம் வேண்டாம், துறவியின் உடைக்குச் சாயம்கூட வேண்டாம். வெள்ளைக் கம்பளி உடையே அவர்கள் அடையாளம். ஊருக்குத் தெரியும்படி வானத்தில் எழும் கோபுரம் அந்த மனநிலைக்கு ஒத்துவருமா? நேரம் அறிவிக்கச் சிறிய மணி போதும், அதைத் தொங்கவிடக் கூரைமேல் ஒரு மரக்கூண்டு போதும். அப்படித்தான் நினைத்தார்கள்.

ஃபவுன்டன்ஸ் ஆலயத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டு நடுக்கூடத்தில் நின்றால் இது கண்முன்னே தெரியும். தூணுக்குத் தூண் ஒரு கண்ணறை என்று பதினொரு கண்ணறைகள் நீளமாக ஓடுகின்றன. பருத்த தூண்கள், அலங்காரமில்லாத சுவர். அழகு முழுக்க அளவிலும் ஒழுங்கிலும்தான்.

அப்படியென்றால் ஹியூபி ஏன் கட்டினார்? விதியை மீறினாரா?

எழுத்தின்படி பார்த்தால் மீறல்தான். ஆனால் 1157-க்கும் 1500-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

முதலில் செல்வம் வந்தது. ஆடு வளர்த்தார்கள். மடத்துக்குச் சொந்தமான பண்ணைகள் யார்க்‌ஷயர் மேடுகளெங்கும் பரவின. வேலை செய்தவர்கள் பொதுநிலைச் சகோதரர்கள் என்ற தனிப்பிரிவினர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வணிகர் பெகலோட்டி தொகுத்த பட்டியலில், ஆண்டுக்கு 76 மூட்டை கம்பளி தரக்கூடிய மடம் என்று ஃபவுன்டன்ஸ் இடம்பெறுகிறது. அவர் குறித்த இங்கிலாந்து மடங்களில் அது மிகப் பெரிய கணக்குகளில் ஒன்று. அப்புறம் அடி விழுந்தது. கம்பளியை முன்கூட்டியே விற்றதில் கடன், ஸ்காட்லாந்துப் படைகளின் கொள்ளை, 1348–49-இல் கொள்ளைநோய். பொதுநிலைச் சகோதரர்கள் ஏறக்குறைய மறைந்தே போனார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாழும் மடமாக அது மாறியது.

ஹியூபி பதவிக்கு வந்த காலம் மறுபடி தலைதூக்கிய காலம். அவர் காலத்தில் துறவியர் எண்ணிக்கை 22-இலிருந்து 52 ஆனது. இங்கிலாந்து முழுவதும் இருந்த சிஸ்டர்சியன் மடங்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சபை மாணவர்களுக்கான புனித பெர்நார்து கல்லூரியைக் கட்டி முடிப்பதற்கும் அவர் உழைத்தார். இன்றைய செயின்ட் ஜான்ஸ் கல்லூரி இருப்பது அந்த இடத்தில்தான். சோம்பேறித் தலைவரோ, பணத்தை வாரி இறைத்த தலைவரோ அல்ல அவர்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஊர் ஆலயங்கள்கூட உயரமான மணிக்கோபுரங்கள் எழுப்பின. சுற்றிலும் எழும்போது, வடக்கின் பெரிய மடம் தலை குனிந்து இருப்பதா என்ற எண்ணம் வந்திருக்கும். 'நாங்கள் மீண்டுவிட்டோம்' என்று சொல்ல ஹியூபிக்குக் கல்லைவிட நல்ல மொழி கிடைக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். அவர் மட்டுமல்ல. ஃபவுன்டன்ஸிலிருந்து கிளைத்த கர்க்ஸ்டால் மடமும், மேற்குக் கரையோரத்தில் இருந்த ஃபர்னஸ் மடமும் ஏறக்குறைய அதே தலைமுறையில் கோபுரம் எழுப்பின. விதி எப்போதோ தளர்ந்துவிட்டது.

கோபுரம் ஏன் ஆலயத்தின் நடுவில் இல்லாமல் வடக்கு ஓரத்தில் நிற்கிறது?

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் நல்ல கேள்வி.

ஆலயம் சிலுவை வடிவம். கிழக்கு மேற்காக நீண்ட உடல், வடக்கிலும் தெற்கிலும் நீட்டிய இரண்டு கைகள். பெரிய ஆலயங்களில் கோபுரம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். ஒன்று மேற்கு முகப்பு, இன்னொன்று கைகள் கூடும் நடுவிடம். ஹியூபி கோபுரம் இரண்டிலும் இல்லை. வடக்குக் கையின் நுனியில் ஒட்டி நிற்கிறது.

நடுவிடத்தில் கோபுரம் எழுப்புவது ஆபத்தான வேலை. முழுப் பாரமும் நான்கு தூண்களின் தலையில் இறங்கும். அந்தத் தூண்களோ பன்னிரண்டாம் நூற்றாண்டில், தாழ்வான ஓர் அமைப்பைத் தாங்கக் கட்டியவை. மேலே புதிதாகப் பல நூறு டன் ஏற்றினால் அஸ்திவாரம் ஒரு மூலையில் கொஞ்சம் அமுங்கினாலும் போதும், வளைவுகள் விரியத் தொடங்கும். ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் அது வேறு கவலை. நடுவிடத்தின் தென்கிழக்குத் தூணுக்குப் பின்னாளில் கொடுத்த பெரிய முட்டு இன்னும் தெரிகிறது. அந்தத் தூண் தொந்தரவு கொடுத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஹியூபிக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருந்தது. 5 கிலோமீட்டரில் உள்ள ரிப்பன் பேராலயத்தின் நடுக்கோபுரம் 1450-இல் ஒரு பகுதி சரிந்தது. திரும்பக் கட்டத் தொடங்கினார்கள், முழுதாக முடியவில்லை. இன்றும் அங்கே நடுவிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு பக்கம் பழைய அரைவட்ட வளைவும் இன்னொரு பக்கம் புதிய கூர்வளைவும் பொருந்தாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

கர்க்ஸ்டாலில் துணிந்து பழைய நடுத்தூண்கள் மேலேயே கோபுரத்தை உயர்த்தினார்கள். 1779-இல் அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. ஹியூபி கோபுரமோ கிட்டத்தட்ட முழு உயரத்தோடு நிற்கிறது. தனக்கென்று சொந்த அஸ்திவாரம் தோண்டி, பழைய சுவர்களின் தோளில் ஏறாமல் ஒதுங்கி நின்றதுதான் காரணம். தாய் மடமும் மகள் மடமும் எடுத்த இரண்டு முடிவுகள். எது சரி என்பதற்கு விடை தெரிய இருநூற்றைம்பது ஆண்டு ஆனது.

கட்டடமாக அதில் எதைப் பார்க்க வேண்டும்?

மூலைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மூலையையும் பருத்த முட்டுச்சுவர்கள் பிடித்திருக்கின்றன. அவை மேலே போகப் போகப் படிப்படியாக உள்வாங்கி மெலிகின்றன. பாரம் கீழே அதிகம், மேலே குறைவு என்ற கணக்கு அப்படியே வெளியே தெரிகிறது.

அடுத்து சாளரங்கள். கோபுரத்தின் நிலைகள் ஒவ்வொன்றிலும் அகலமான சாளரம் திறக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் வழங்கிய பாணிக்கு 'செங்குத்துக் கோத்திக்' என்று பெயர். சாளரத்தில் நேர்க்கோட்டுக் கற்கம்பிகள், பெரிய திறப்புகள், எங்கும் மேல்நோக்கி ஓடும் கோடுகள். பக்கத்திலேயே பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயத்தின் சிறிய அரைவட்டச் சாளரங்கள் இருப்பதால், ஒரே இடத்தில் நின்று தலையை மட்டும் திருப்பினால் இரண்டு காலங்களையும் ஒப்பிடலாம். இப்படி ஒரு வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது.

நிலைகளுக்கு இடையே சுவரைச் சுற்றி எழுத்துப் பட்டைகள் ஓடுகின்றன. சிலை வைக்கும் மாடங்களும் உண்டு.

அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன?

லத்தீன், கோத்திக் எழுத்தில். மையமான வாசகம் 'கடவுள் ஒருவருக்கே மாட்சியும் புகழும்' என்ற பொருள் தருவது. புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முதல் அதிகாரம், 17-ஆம் வசனத்திலிருந்து எடுத்தது. ஹியூபி தன் சொந்த விருதுவாக்காகவும் அதை வைத்துக்கொண்டார்.

அதே கோபுரத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இதைப் பெருமை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்சி கடவுளுக்கு, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கல் எங்கிருந்து வந்தது?

மடத்தின் கல் பெரும்பாலும் அதே பள்ளத்தாக்கின் பாறைச் சரிவுகளில் வெட்டிய மணற்கல். முதல் துறவியரைப் பயமுறுத்திய அதே பாறைதான் பிறகு அவர்களுக்குச் சுவரானது. ஆற்றையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கெல் ஆற்றின் மேல் கல்வளைவுச் சுரங்கங்கள் கட்டி, அவற்றின் மேல் கட்டடங்களை எழுப்பினார்கள்.

மடம் எப்படி அழிந்தது? போரா, தீயா?

தீ ஒருமுறை பட்டது உண்மை. 1147-இல், யார்க் பேராயர் தேர்தல் சண்டையில், மடத்தலைவர் ஹென்றி மர்டாக்மேல் ஆத்திரம் கொண்ட எதிரணியினர் புகுந்து கொளுத்தினார்கள். ஆனால் அதிலிருந்து மடம் மீண்டு, முன்னைவிடப் பெரிதாகவே எழுந்தது.

முடிவு வந்தது சட்டத்தின் வழியே. மன்னர் எட்டாம் ஹென்றி 1534-இல் திருத்தந்தையின் அதிகாரத்தை ஒதுக்கித் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக ஆக்கிக்கொண்டார். 1536-இல் சிறு மடங்கள் மூடப்பட்டன. அதை எதிர்த்து வடக்கில் மக்கள் கிளர்ந்தார்கள். ஹியூபிக்குப் பின் வந்த மடத்தலைவர் வில்லியம் தர்ஸ்க், முன்பே பதவி நீக்கப்பட்டிருந்தவர், அந்தக் கிளர்ச்சியில் சம்பந்தப்பட்டதாக 1537-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். கடைசி மடத்தலைவர் மார்மடியூக் பிராட்லி 1539 நவம்பர் 26 அன்று மடத்தை அரசரிடம் ஒப்படைத்தார். அப்போது இங்கிலாந்தின் சிஸ்டர்சியன் மடங்களிலேயே பெரும் பணக்கார மடம் இதுதான்.

1540-இல் லண்டன் வணிகர் சர் ரிச்சர்ட் கிரெஷம் இடத்தை வாங்கினார். கூரை ஈயம் விலை பெற்ற பொருள், அதை உரித்து உருக்கிவிட்டார்கள். ஈயம் போனால் கூரை மரம் நனையும், மரம் உளுத்தால் கூரை விழும், கூரை விழுந்தால் சுவர் திறந்து மழை உள்ளே இறங்கும். சுவரை இடிக்க யாரும் சம்மட்டி எடுத்து வர வேண்டியதில்லை. ஒரு கட்டடத்தைக் கொல்லக் கூரையை எடுத்தால் போதும்.

பிறகு கோபுரம் மட்டும் எப்படித் தப்பியது?

கற்களையும் பெயர்த்தார்கள்தான். 1597-இல் இடத்தை வாங்கிய சர் ஸ்டீஃபன் புரோக்டர் பக்கத்திலேயே கட்டிய ஃபவுன்டன்ஸ் மாளிகையில் மடத்துக் கற்கள் இருக்கின்றன. ஆனால் 50 மீட்டர் உயரத்திலிருந்து கல்லை இறக்குவது செலவும் உயிராபத்தும் உள்ள வேலை. தரையோடு இருக்கும் சுவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கோபுரத்தில் ஏறுவானேன்? பெரிய நகரம் ஒன்று ஒட்டியே இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இடிபாட்டை அழகாகப் பார்க்கும் காலம் வந்தது. பக்கத்து ஸ்டட்லி ராயல் எஸ்டேட்டின் உரிமையாளர் ஜான் ஏஸ்லபி, நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர். 1720-இல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிந்த ஊழலில் பதவி இழந்து, 1721-இல் நாடாளுமன்றத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டார். மிச்ச வாழ்நாளைத் தன் நீர்த்தோட்டத்தில் கழித்தார். அவர் மகன் வில்லியம் 1767-இல் மடத்தின் இடிபாட்டை 18,000 பவுனுக்கு வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். தோட்டத்துக்குக் கண்ணுக்கினிய காட்சி வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக மடத்தின் சில பகுதிகளைத் திருத்தவும் செய்தார், அது இழப்புதான். ஆனாலும் கல் பெயர்ப்பவர்கள் கையிலிருந்து கோபுரம் விடுபட்டது அவரால்தான். 1966-இல் அது உள்ளாட்சி மன்றத்தின் கைக்கும், 1983-இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கும் வந்தது. 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம்.

உள்ளே ஏறலாமா?

முடியாது. மாடித் தளங்கள் போய்விட்டன. உள்ளே கோபுரம் வெறும் கூடு. கீழே நின்று அண்ணாந்தால் நான்கு சுவர்களும் சேர்ந்து ஒரு சதுர வானத்தைக் காட்டும். அந்தக் காட்சிக்கு முன்னால் ஏற முடியவில்லை என்ற குறை எனக்கு வந்ததில்லை.

மறுபடி கூரை போட்டுப் பழையபடி ஆக்கிவிடலாமே?

பலருக்கும் இந்த ஆசை வருகிறது, புரிகிறது. ஆனால் எந்த 'பழையபடி'? 1200-இல் இருந்த மடத்தில் இந்தக் கோபுரமே கிடையாது. 1526-க்குக் கொண்டுபோனால், 1767-க்குப் பிறகு உருவான தோட்டக்காட்சி போய்விடும். உலகப் பாரம்பரியக் களத்தில் தோட்டமும் இடிபாடும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் இங்கே நடப்பது இருப்பதை இருந்தபடி காக்கும் வேலை. சுவரின் உச்சியில் நீர் இறங்காமல் அடைப்பது, இணைப்புகளில் அரித்துப்போன சாந்தை மாற்றுவது, அசையும் கல்லைப் பிடிப்பது. சாந்து என்றால் சுண்ணாம்புச் சாந்து. சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தேங்கி, கல்லின் முகமே உதிரும். மென்மையான சாந்து தான் தேய்ந்து கல்லைக் காப்பாற்றும்.

கோபுரத்தைவிட இப்போது எனக்குக் கவலை ஆற்றைப் பற்றித்தான். 2007-இல் ஸ்கெல் பெருகி மடத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமான தண்ணீரே இன்று பெரிய ஆபத்து.

பார்க்கப் போனால் எங்கிருந்து தொடங்குவது?

நேரே மடத்துக்குப் போகாதீர்கள். ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டப் பக்கமாக வந்து, மேட்டிலுள்ள ஆன் பொலின் இருக்கை என்ற இடத்துக்கு ஏறுங்கள். 'வியப்புக் காட்சி' என்றும் அதைச் சொல்வார்கள். ஆற்றின் வளைவுக்கு அப்பால் மடத்தின் கிழக்குப் பக்கமும் வலப்புறம் கோபுரமும் ஒரே சட்டத்தில் தெரியும். பிறகு இறங்கி ஆற்றோரமாக நடங்கள். ஆலயத்தில் மேற்கு வாசல் வழியாக நுழைந்து, நடுக்கூடத்தின் நீளம் முழுவதையும் கடந்த பிறகு இடப்பக்கம் திரும்பினால் கோபுரத்தின் அடிக்கு வருவீர்கள். கட்டிய வரிசையிலேயே பார்த்ததாகிவிடும், முதலில் எளிய மடம், கடைசியில் கோபுரம்.

எழுத்துப் பட்டைகளைப் படிக்க வேண்டுமானால் தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போங்கள். வெயில் உள்ள நாளில், பிற்பகல் தொடக்கத்தில், மேற்கு முகத்தில் ஒளி சாய்வாக விழும். அப்போது செதுக்கிய ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் நிழல் கட்டும். அந்த நேரத்தில் தரையிலிருந்தே சில சொற்களைப் பிரித்துப் படிக்க முடியும்.